மாற்று ஆட்டக்காரன் பட்டம் வாங்கிய விபரீதம்

வெஸ் குசேரா படித்து முடித்துவிட்டான் என்ற செய்தி நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை கசிந்தது. பல்கலைக்கழகம் அதை அன்று மாலைவரை மறுத்தது.

மறுத்ததில் தப்பில்லை. எங்கள் டன்மோர் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியிலிருந்து ஒருவன் போவதற்குப் பல வழிகள் உண்டு. முழங்கால் போகும். பணம் கொடுத்து ஆட வைக்கும் பெரிய அணி கூப்பிடும். வேறொரு பல்கலைக்கழகம் இன்னும் நீளமான காரைக் காட்டும். சில சமயம் போலீஸ் வரும். இவை அத்தனைக்கும் செய்தித் தொடர்பு அலுவலகத்தில் அறிக்கைகள் தயாராக இருந்தன. பெயரை மட்டும் நிரப்பினால் போதும். நாலு வருடப் படிப்பை ஒருவன் இரண்டரை வருடத்தில் முடித்துவிட்டான் என்பதற்கு மட்டும் அறிக்கை இல்லை. முழங்கால் அறிக்கையில் இரண்டு வார்த்தைகளை மாற்றி வெளியிட்டார்கள். "வெஸ் குசேராவுக்கு எதிர்பாராத விதமாகக் கணிதத்தில் பட்டம் கிடைத்துள்ளது. அவர் விரைவில் மீண்டுவர டன்மோர் குடும்பம் பிரார்த்திக்கிறது."

வெஸ் எங்கள் அணியின் மாற்று குவார்ட்டர்பேக். குவார்ட்டர்பேக் என்பவன் சில நொடிகளே நீடிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் பந்தை முதலில் கையில் வாங்கி, அதை எறிவதா, கொடுப்பதா, தானே ஓடுவதா என்று முடிவு செய்கிறவன். எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் அணி ஜெயிக்கிற வாரங்களில் ஆளுநரும் அவனுக்குக் கீழேதான். மாற்று குவார்ட்டர்பேக் என்பவன் அந்த ஆளுக்கு ஏதாவது ஆகும்வரை தொப்பி போட்டுக்கொண்டு கோட்டோரம் நிற்கிறவன். வெஸ் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் குவார்ட்டர்பேக் ட்ரிப் லேங்ஃபோர்டுக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை.

சும்மா நின்றான் என்று சொல்லிவிட முடியாது. அடுத்த சுற்றில் என்ன செய்வது என்பதைத் தலைமைப் பயிற்சியாளர் ராய்ஸ் டில்மன் ஒலிவாங்கியில் சொல்வார். வெஸ் அதைக் கை ஜாடையாக மாற்றி மைதானத்துக்குள் அனுப்புவான். எதிரணி கண்டுபிடித்துவிடக் கூடாது என்று அவனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று பொய் ஜாடை காட்டுவார்கள். தலை சீவினால் வலப்பக்கம் ஓடு. மாட்டுக்குப் பால் கறந்தால் இடப்பக்கம். சூப்பைக் கிண்டினால் தூரமாக எறி. எல்லாம் வெஸ் உண்டாக்கியவை. ஒவ்வொரு வாரமும் மாற்றுவான். ஆடுகிற பதினொரு பேருக்கும் அவனுக்கும் தவிர வேறு யாருக்கும் அவை தெரியாது. டில்மனுக்கும் தெரியாது. தெரிந்துகொள்வது தன் நிலைக்கு ஏற்றதல்ல என்று அவர் நினைத்தார்.

படித்து முடித்தது எப்படி என்றால், அதற்குப் பல்கலைக்கழகம்தான் காரணம். கால்பந்து வீரர்கள் படிப்பதற்கென்றே ஐந்து மாடியில் ஒரு மையம் கட்டியிருந்தார்கள். உள்ளே செயற்கை அருவி உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் தனி ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வீரர்கள் தரைத்தளத்தில் பழச்சாறு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒருநாள் வெஸ், மழைக்கு ஒதுங்கியபோது, மூன்றாவது மாடிவரை ஏறிவிட்டான். அங்கே வகைநுண்கணிதம் சொல்லித்தர நியமிக்கப்பட்டு, ஆளே வராமல் பொம்மைப் படகு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் அவனைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினார். அப்புறம் அவனை விடவில்லை. நாலாவது மாடிக்காரருக்குச் செய்தி போயிற்று. எல்லோரும் சேர்ந்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பாவம், அத்தனை நாள் அடக்கிவைத்திருந்த படிப்பு.

பட்டம் வந்தது. ஆனால் வெஸ்ஸுக்குப் பட்டம் பெரிதில்லை. அவனுக்கு விளையாட வேண்டும்.

மாநிலத்தின் மேற்கு மூலையில், கோபுரம்போல் உயர்ந்த ஒரு தானியக் கிடங்குக்குப் பக்கத்தில், மஸ்க்ரேவ் என்று ஒரு சின்னக் கல்லூரி இருக்கிறது. அதன் குவார்ட்டர்பேக் அப்பாவின் மாட்டுப் பண்ணையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டான். பயிற்சியாளர் ஆர்னி ஸ்டூப், வாரத்தில் பாதி நாள் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர், வெஸ்ஸுக்குப் போன் செய்தார்.

"உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆட உரிமை பாக்கி இருக்காமே?"

"ஆமா கோச்."

"இங்க வா. நீதான் முதல் ஆள். ரெண்டாவது ஆள் இல்ல, அதனால அடிபட்டுக்காத."

பட்டம் வாங்கியவன் எந்த அணிக்கும் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பது சட்டம். வாங்காதவன், அணி மாற அனுமதிக்கிற நாட்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்டூப்பால் காத்திருக்க முடியாது. ஜனவரி வகுப்புக்கு வெஸ் வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். ஆக, வெஸ்ஸுக்குத் தேவை அந்தப் பட்டம், ஜனவரிக்குள், சேதமில்லாமல்.

பல்கலைக்கழகத்தில் வீரர்களின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதற்கு வாழ்க்கைப் பாதை வடிவமைப்பு மையம் என்று ஒன்று உண்டு. அதன் இயக்குநர் டாக்டர் மார்சியா ஹல்ட்க்விஸ்ட். டாக்டர் என்பதை விட்டுவிட்டுக் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. அவருடைய அறையின் சுவர் முழுக்க ஒரு வரைபடம். அதில் பல நிறங்களில் பாதைகள் கிளம்பி, வளைந்து, எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தன. அந்த இடத்தில் எங்கள் மைதானத்தின் படம் இருந்தது.

"உங்க முன்னாடி மூணு பாதை இருக்கு, வெஸ்," என்றார் டாக்டர் ஹல்ட்க்விஸ்ட். "முதல் பாதை, நீங்க இங்கயே மேற்படிப்பு படிச்சுக்கிட்டு அணியில இருக்கறது. ரெண்டாவது, அணியில இருந்துக்கிட்டு மேற்படிப்பு படிக்கறது."

"மூணாவது?"

"மூணாவது இன்னும் கட்டுமானத்துல இருக்கு."

"நான் மஸ்க்ரேவ் போலாம்னு இருக்கேன், டாக்டர்."

அவர் வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார். மஸ்க்ரேவ் அதில் இல்லை. சுவர் முடிந்து ஜன்னல் ஆரம்பிக்கிற இடத்தில் அது இருக்கக் கூடும்.

"எதுக்கு?"

"விளையாடறதுக்கு."

"வெஸ், உங்களை மாதிரி ஆளுங்க அங்கதான் தப்பு பண்றாங்க. விளையாடறது ஒரு கட்டம். முப்பது வயசுல முடிஞ்சிரும். விளையாடாம இருக்கறது வாழ்நாள் முழுக்க வரும். அதை நீங்க இங்க எவ்வளவு அருமையா கத்துக்கிட்டிருக்கீங்க. உங்களுக்காகவே ஒரு முதுகலைப் படிப்பு தொடங்கியிருக்கோம். துணைநிலைத் தலைமையியல். போன வியாழக்கிழமைதான் செனட்ல நிறைவேத்தினோம்."

"அதுல என்ன படிக்கணும்?"

"அதைத்தான் நீங்க எங்களுக்குச் சொல்லணும்."

வேலைக்குப் போகலாமா என்று கேட்டான். ஓமஹாவில் ஒரு காப்பீட்டு நிறுவனம் கணிதம் படித்தவர்களைத் தேடுகிறது. உள்ளூர் உயர்நிலைப் பள்ளியிலும் ஆள் வேண்டும். டாக்டர் ஹல்ட்க்விஸ்ட் பரிவாகச் சிரித்தார். "வேலைக்குப் போறவங்களுக்கு இந்த மையத்துல சேவை கிடையாது. அது வேற கட்டடம். அதை இடிச்சுத்தான் இதைக் கட்டினோம்."

அடுத்த அழைப்பு டில்மனிடமிருந்து வந்தது. அவருடைய அறைக்குப் போவதற்கு ஒரு நீண்ட நடைபாதை உண்டு. இரண்டு பக்கமும் அவர் இதுவரை பயிற்சி தந்த பல்கலைக்கழகங்களின் கோப்பைகள். ஒவ்வொரு கோப்பைக்குக் கீழேயும் "என் குடும்பம்" என்று பொறித்திருக்கும். மூன்று குடும்பங்கள். எல்லாவற்றையும் ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே விட்டுவிட்டு வந்தவர்.

"உட்காரு தம்பி," என்றார் டில்மன். "விசுவாசம்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் கோச்."

"தெரியாது. விசுவாசம்னா, மேல போறதுக்கு வாய்ப்பு வந்தாலும் போகாம இருக்கறது. நான் ஜார்ஜியாவுல இருந்தப்போ இதைத்தான் பசங்களுக்குச் சொன்னேன். டெக்சாஸ்ல இருந்தப்போவும் சொன்னேன். அரிசோனாவுல சொல்றதுக்கு நேரம் கிடைக்கல, சீக்கிரம் கிளம்பிட்டேன்."

"என்னை ஒரு தடவையாவது ஆட விட்டிருக்கலாமே கோச்."

டில்மன் எழுந்து ஜன்னலோரம் போய் மைதானத்தைப் பார்த்தார். உணர்ச்சிவசப்படுகிற இடங்களில் அவர் ஜன்னலோரம் போவது வழக்கம்.

"உன்னை நான் ஆட விடாதது உன் மேல இருக்கற நம்பிக்கையால. ஆட விட்டவங்க எல்லாரையும் நான் ஏதாவது ஒரு நாள் வெளிய உட்கார வச்சிருக்கேன். உன்னை என்னிக்காவது வெளிய உட்கார வச்சேனா? நீ நின்னுக்கிட்டேதான் இருந்த. தம்பி, அந்த ஜாடையெல்லாம் உனக்குத்தான் தெரியும். நீ போனா நான் இந்தப் பசங்ககிட்ட எப்படிப் பேசுவேன்? வாயால பேசினா அவங்களுக்குப் புரியறதில்ல."

வெஸ் யோசித்துவிட்டு, மன்னிக்கணும், ஜனவரியில் கிளம்புகிறேன் என்றான்.

அடுத்த நாளே பட்டத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது.

டன்மோரில் பட்டம் வாங்குகிற யாரும் உடற்கல்வியில் ஒரு பாடமாவது தேறியிருக்க வேண்டும். கால்பந்து வீரர்களுக்கு அது தானாகவே கிடைத்துவிடும். போட்டியில் ஆடினால் உடற்கல்வி தேறியதாகக் கணக்கு. வெஸ் போட்டியில் ஆடவில்லை. ஆகவே கால்பந்து அணியில் இருந்தும் அவன் உடம்பை அசைத்ததற்கு ஆதாரம் இல்லை என்று டாக்டர் ஹல்ட்க்விஸ்ட் வருத்தத்தோடு அறிவித்தார்.

முறையீட்டுக் குழு கூடியது. வெஸ் அதன் முன் போய் நின்று, தினமும் விடிகாலையில் பளு தூக்கியதையும், பனியில் ஓடியதையும், போட்டி முழுக்கக் கையை ஆட்டியதையும் சொன்னான்.

பல்கலைக்கழக வழக்கறிஞர் லொய்ட் ஃபென்விக் தொண்டையைச் செருமினார். மெலிந்த மனிதர். எதையும் ஒப்புக்கொள்ளாமல் இருந்தே மெலிந்தவர்.

"இளைஞர் சொல்றது உண்மையா இருக்கலாம்," என்றார். "ஆனா உண்மைங்கறது நமக்குச் சிக்கலான விஷயம். கோட்டோரம் நின்னு கையை ஆட்டறது உழைப்புன்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு அதுக்குச் சம்பளம் கேப்பாங்க. இந்த வீரர்கள் செய்யறது எதுவுமே உழைப்பு இல்லன்னு நான் மூணு நீதிமன்றத்துல சத்தியம் பண்ணியிருக்கேன். பளு தூக்கறது பொழுதுபோக்கு. பனியில ஓடறது குளிருக்காக. போட்டியில ஆடறது மட்டும்தான் விளையாட்டு. அதையும் பயிற்சியாளர் தரப்புல இருந்து பாத்தா உழைப்பு, வீரர் தரப்புல இருந்து பாத்தா கல்வி."

"அப்ப நான் உடற்கல்வி எங்க படிக்கறது?" என்று வெஸ் கேட்டான்.

வசந்த காலத்தில் பௌலிங் வகுப்பு இருக்கிறது என்றார் டாக்டர் ஹல்ட்க்விஸ்ட். பந்தை உருட்டிக் கட்டைகளைத் தள்ளினால் தேர்ச்சி. ஆனால் அதில் இடமில்லை. அணியின் முன்வரிசைத் தடியர்கள் அத்தனை பேரும் அதில்தான் படிக்கிறார்கள். அவர்களில் சிலர் பௌலிங்கை மூன்றாவது முறையாகப் படிக்கிறார்கள். இடம் கிடைத்தாலும் வகுப்பு முடிவது மே மாதம்.

"சனிக்கிழமை கடைசிப் போட்டி இருக்கே," என்று குழுவில் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த ஒரு தாவரவியல் பேராசிரியர் சொன்னார். "பையனை அதுல ஒரு சுற்று ஆட விட்டா முடிஞ்சுது. எனக்கு மூணு மணிக்குப் பல் மருத்துவர்கிட்ட போகணும்."

குழு அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. ஒரே ஒரு சுற்று ஆடினால் பட்டம் செல்லும். ஆட விடுவதா வேண்டாமா என்பது முழுக்க முழுக்க டில்மனின் கையில் இருந்தது.

சனிக்கிழமை பனி கொட்டியது. எங்கள் மைதானத்தில் ஊர் ஜனத்தொகையைப் போல் இரண்டு பங்கு கூட்டம் உட்காரும். மற்ற பாதி எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் கேட்டதில்லை. எல்லோர் தலையிலும் அலகு வைத்த தொப்பி. எங்கள் அணிக்குப் பெயர் போர்க்கொக்குகள். வெஸ்ஸின் அம்மா லோரீன், பக்கத்து ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், எங்கள் ஊர் வழக்கப்படி இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியைக் காரமான பீன்ஸ் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டு, மகனுடைய தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முக்கால்வாசி முடிவதற்குள் நாங்கள் முப்பத்தைந்து புள்ளி முன்னால் இருந்தோம். இப்படியான நேரத்தில் மாற்று ஆட்களை இறக்குவது உலக வழக்கம். டில்மன் இறக்கினார். இதுவரை ஆடாத எல்லோரையும் இறக்கினார். நன்கொடையாளர் ஒருவருடைய அக்கா மகனை இறக்கினார். அவனுக்குக் காலணி வேறு யாருடையதோ. உதைப்பவனுக்காகப் பந்தைப் பிடித்து நிறுத்துகிறவன் வராத நாளில் அவனுக்குப் பதிலாகப் பிடிக்கிறவனையும் இறக்கினார். ட்ரிப் லேங்ஃபோர்டு மட்டும் வெளியே வரவில்லை.

கூட்டம் "குசேரா, குசேரா" என்று கத்த ஆரம்பித்தது. டில்மன் கையை உயர்த்திக் கூட்டத்துக்கு நன்றி சொன்னார்.

ட்ரிப் தண்ணீர் குடிக்கக் கோட்டோரம் வந்தான். பணக்கார வீட்டுப் பையன், நல்லவன், எதையும் இரண்டாவது தடவை யோசிக்காதவன்.

"டேய் வெஸ், உனக்கு ஒரு சுற்று கிடைச்சாப் போதுமா?"

"போதும்டா."

"எனக்கு இன்னிக்கு ஹெல்மெட் பட்டை ரொம்ப லூசா இருக்குடா."

"இறுக்கிக் கட்டிக்க."

"நீ கணக்குல பாஸ் பண்ணினது எப்படின்னே தெரியல," என்று சொல்லிவிட்டு ட்ரிப் உள்ளே ஓடினான்.

கல்லூரிக் கால்பந்தில், ஆடும்போது ஹெல்மெட் கழன்றுவிட்டால் ஆள் அடுத்த ஒரு சுற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். ஆட்டத்தின் ஒவ்வொரு பாதியிலும் மூன்று முறை அணி ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாம்; அந்த இடைநிறுத்தம் ஏதாவது பாக்கி இருந்தால் அதைச் செலவழித்துத் தப்பிக்கலாம். ட்ரிப் பந்தை வாங்கினான், தன் ஆள் ஒருவன் மீதே மெதுவாக முட்டினான், ஹெல்மெட் தலையிலிருந்து கிளம்பி மிகவும் நாகரிகமாகப் பனியில் உருண்டது. நடுவர் விசிலடித்து அவனை வெளியே அனுப்பினார்.

"இடைநிறுத்தம் கேளு," என்றார் டில்மன்.

"இல்ல கோச், தீந்துபோச்சு," என்றார் உதவிப் பயிற்சியாளர்.

தீர்ந்துதான் போயிருந்தது. முதலாவதை டில்மன் தொலைக்காட்சிப் பேட்டிக்காக எடுத்தார். இரண்டாவதை ஒரு நன்கொடையாளரோடு படம் எடுத்துக்கொள்வதற்கு. மூன்றாவதை, கேமரா ரொம்ப நேரமாக எதிரணிப் பயிற்சியாளரையே காட்டிக்கொண்டிருந்ததற்கு.

"வேற குவார்ட்டர்பேக் யாரு இருக்கான்?"

"வெஸ்தான் கோச்."

"அவனைத் தவிர."

"மூணாவது ஆளும் நாலாவது ஆளும் அக்டோபர்லயே கிளம்பிட்டாங்க கோச். நீங்ககூட பேட்டியில வாழ்த்து சொன்னீங்களே."

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டில்மன் வெஸ்ஸைப் பார்க்காமல், அவனிருந்த திசையை நோக்கிக் கட்டை விரலை அசைத்தார். வெஸ் தொப்பியைக் கழற்றி லோரீன் இருந்த பக்கமாக எறிந்துவிட்டு ஓடினான். அவனுடைய ஹெல்மெட்டில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.

அப்போதுதான் டில்மனுக்கு ஜாடை காட்ட ஆளில்லை என்பது உறைத்தது. பொய் ஜாடைக்காரர்கள் இருவரும் நடுவில் யாருமில்லாமல் திகைத்து நின்றார்கள். டில்மன் நடுவில் போய் நின்றார். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் கையால் ஏதோ செய்தார்.

மைதானத்தில் பத்துப் பேர் தலையைக் குனிந்து வட்டமாக நின்றார்கள். முன்வரிசையில் இடது ஓரத்தில் நிற்கிற கஸ் ப்ரோகாஸ்கா, அவனும் பௌலிங் மாணவன், கோட்டோரத்தை எட்டிப் பார்த்தான்.

"என்னடா சொல்றாரு?"

"மாட்டுக்குப் பால் கறந்து, தலை சீவி, சூப்பைக் கிண்டி, அப்புறம் ரெண்டாவது மாட்டையும் கறக்கச் சொல்றாரு," என்றான் வெஸ்.

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"இல்ல."

"அப்ப என்ன பண்றது?"

வெஸ் கஸ்ஸை நிமிர்ந்து பார்த்தான். அவனிடம் அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"எல்லாரும் வலப்பக்கமா தள்ளுங்க," என்றான். "நான் பின்னாலயே வரேன்."

தள்ளினார்கள். வெஸ் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடினான். எவ்வளவு தூரம் என்பதில் இன்றைக்கும் எங்கள் ஊரில் கருத்து வேறுபாடு உண்டு. நாலு கஜம் என்பவர்கள் இருக்கிறார்கள். அவன் அம்மா இருபது என்கிறார். முடிவில் எதிரணியின் தடுப்பாட்டக்காரன் ஒருவன், வெஸ்ஸைப் போல் இரண்டு ஆள் அகலம், அவன் மேல் சாவகாசமாக விழுந்தான். எழுந்தபோது வெஸ்ஸின் இடது சுண்டு விரல் வேறு திசையைக் காட்டியது. வெஸ் சிரித்துக்கொண்டிருந்தான்.

குற்றம் நடந்தால் நடுவர் வீசுகிற மஞ்சள் கொடி ஒன்று பனியில் கிடந்தது. நடுவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: டன்மோர் ஆள் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தது குற்றம். அந்தச் சுற்று செல்லாது. நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு மறுபடியும் ஆட வேண்டும்.

"மன்னிச்சிருடா," என்றான் கஸ். "சந்தோஷத்துல பிடிச்சிட்டேன்."

ட்ரிப் ஹெல்மெட்டைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தாயிற்று. வெஸ் வெளியே போனான். அத்தோடு அவன் டன்மோர் ஆட்டம் முடிந்தது, அல்லது நடக்கவே இல்லை.

திங்கட்கிழமை குழு டாக்டர் ஹல்ட்க்விஸ்ட்டின் அறையில் மறுபடியும் கூடியது. வெஸ் விரலில் கட்டோடு, லோரீனையும் கூட்டிக்கொண்டு வந்தான். டில்மன் வரவில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை காலை ஃப்ளோரிடாவில் ஐந்தாவது குடும்பத்தில் சேர்ந்துவிட்டார். விமானத்தில் ஏறுமுன், விசுவாசம் பற்றி உருக்கமான ஒரு காணொளியை அனுப்பியிருந்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு," என்றார் டாக்டர் ஹல்ட்க்விஸ்ட், வரைபடத்தில் மைதானத்தைத் தடவிக்கொண்டே. "அதிகாரப்பூர்வமா அந்த நேரத்துல களத்துல எதுவும் நடக்கல. நடுவரே சொல்லிட்டார். வெஸ் ஆடல. ஆடலன்னா தேர்ச்சி இல்ல. தேர்ச்சி இல்லன்னா பட்டம் இல்ல. அதனால துணைநிலைத் தலைமையியல்கூட இப்போதைக்கு முடியாது, ஆனா உங்களை மறுபடியும் இளங்கலையில சேத்துக்க நாங்க தயார்."

வெஸ் கட்டுப்போட்ட விரலைப் பார்த்தான். ஸ்டூப் காலையில் போன் செய்திருந்தார்; வேறொரு பையன் விசாரித்துக்கொண்டிருக்கிறானாம்.

"இந்த விரலை எந்த டிபார்ட்மென்ட்ல காட்டணும்ங்க?" என்று லோரீன் கேட்டார். "எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாங்க."

"வீரர்களுக்கு அடிபட்டா விளையாட்டு மருத்துவம், தரைத்தளம்," என்று ஆரம்பித்தார் ஃபென்விக். பிறகு விரலை உயர்த்தித் தன்னைத் தானே நிறுத்தினார். "இல்ல. இவர் அப்போ வீரர் இல்ல. ஆட்டம் நடக்கல. ஆட்டம் நடக்காதபோது களத்துல நின்னவர் பார்வையாளர்."

"சரிங்க. பார்வையாளருக்கு எங்க?"

"பார்வையாளருக்கு..." ஃபென்விக்கின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிற்று. அவர் யாரிடமும் பேசவில்லை. தன் வழக்கமான முறையில் ஒரு வாதத்தைக் கட்டிக்கொண்டிருந்தார், அது அவர் மேலேயே சாய்ந்துகொண்டிருந்தது. "நம்ம மைதானத்துல, நம்ம பொறுப்புல, பார்வையாளர் ஒருத்தர். ஹெல்மெட் நாமளே குடுத்திருக்கோம். உள்ள போன்னு நாமளே சொல்லியிருக்கோம். நூத்தம்பது கிலோ ஆளை மேல விழ விட்டிருக்கோம். யாரும் தடுக்கல. எண்பதாயிரம் சாட்சி." அவர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினார். "டிவியில வேற காட்டியிருக்கோம். மெதுவா வேற காட்டியிருக்கோம். ஏழு தடவை."

 தாவரவியல் பேராசிரியர்கூட விழித்துக்கொண்டார்.

"மார்சியா," என்றார் ஃபென்விக். டாக்டர் ஹல்ட்க்விஸ்ட்டுக்கு இந்தத் தடவை காது கேட்டது. "இந்தப் பையன் ஆடியிருக்கார்."

"ஆனா நடுவர்..."

"நடுவருக்கு சட்டம் என்ன தெரியும்? இவர் ஆடியிருக்கார். முழு மனசோட, முழு உடம்போட, எலும்புவரைக்கும் ஆடியிருக்கார். இந்தப் பல்கலைக்கழக வரலாற்றுல உடற்கல்வியை இவ்வளவு தீவிரமா யாரும் படிச்சதில்ல. தேர்ச்சின்னு போடுங்க. முதல் வகுப்புன்னு போடுங்க. இப்பவே."

போட்டார்கள். பட்டம் வெஸ்ஸின் கைக்கு வந்தபோது மை காயவில்லை. பல்கலைக்கழகத் தலைவர் ஓடிவந்து அவன் நல்ல கையைக் குலுக்கினார்.

அன்று மாலை டில்மன் ஃப்ளோரிடாவிலிருந்து போன் செய்தார். பின்னணியில் கடல் சத்தம் கேட்டது, அல்லது கைதட்டல்.

"தம்பி, நீ பட்டம் வாங்கிட்டியாமே. அருமை. இப்ப நீ எங்க வேணும்னாலும் போலாம். இங்க வந்திரு. உனக்குக் கடல் பாத்த வீடு, கார், எல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்கேன். ஒவ்வொரு வாரமும் நாடு முழுக்க டிவியில தெரிவ. என் பக்கத்துலயே நிப்ப."

வெஸ் காரில் உட்கார்ந்திருந்தான். அவனும் மனிதன்தான், டன்மோரில் அப்போது கொட்டிய பனி கார்க் கண்ணாடியை மூடியிருந்தது.

"ஆட விடுவீங்களா கோச்?"

"நான் உன்னைக் குடும்பத்துக்குள்ள கூப்பிடறேன் தம்பி. நீ விளையாட்டைப் பத்திப் பேசற."

வெஸ் அவருக்கு வாழ்த்துச் சொல்லி போனை வைத்தான். பிறகு ஸ்டூப்பைக் கூப்பிட்டான்.

"பட்டம் வந்திருச்சு கோச். அந்த இன்னொரு பையனை..."

"அவன் வரல. அவனுக்கு உயரம்னா பயமாம், தானியக் கிடங்கைப் பாத்துட்டு ஓடிட்டான். நீ டன்மோர்ல ஆடினியாமே, எப்படி இருந்துச்சு?"

"ஒரே சுற்று கோச். அதுவும் செல்லாதுன்னுட்டாங்க. விரல் ஒடிஞ்சுது."

"எங்க பழைய ஆளைவிடப் பரவாயில்ல," என்றார் ஸ்டூப். "வரும்போது கம்பளிக் கோட்டு எடுத்துக்க."

ஜனவரியில் ஒரு மத்தியானம் லோரீன் தன் பழைய காரில் மகனை ஏற்றிக்கொண்டு மேற்கே கிளம்பினார். நெடுஞ்சாலையில், ஊர் எல்லை தாண்டியதும், பல்கலைக்கழகம் புதிதாக வைத்த விளம்பரப் பலகை ஒன்று நின்றது. வானம் அளவுக்கு வெஸ்ஸின் படம். களத்தில் பந்தோடு கிடக்கிறான். மேலே விழுந்த ஆளை மட்டும் அழித்துவிட்டிருந்தார்கள். வெஸ் தனியாகப் பனியில் படுத்து இளைப்பாறுவதுபோல் இருந்தது. "சீக்கிரம் முடிப்பது எங்கள் மரபு. டன்மோர்" என்று கீழே எழுதியிருந்தது.

லோரீன் பலகையை அண்ணாந்து பார்த்தார். வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"எவ்வளவு பெருசா வச்சிருக்காங்க பாருடா. ஒரு நிமிஷம் நிறுத்தறேன். கீழ போய் நில்லு, ஒரு படம் எடுத்துக்கலாம்."

"வேணாம்மா, நிறுத்தாத," என்றான் வெஸ். "நாலு மணிக்குப் பயிற்சி. நான் போகாம அவங்களால தொடங்க முடியாது."